என் வீட்டுப் படிவத்தில் இருந்த பொய்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மதியம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மங்கலம்பேட்டையில், அதற்கு முன் நான் போயிராத ஒரு வீட்டின் கூடத்தில், மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து என் மனைவி சொன்னதை நான் கேட்க நேர்ந்தது. எங்களுக்குக் கல்யாணம் ஆகி அப்போது இருபத்திரண்டு வருடம்.

நான் எப்படி அந்த வீட்டில் போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் நான் எங்கள் ஊரான விருத்தாசலத்தில் செராமிக் யூனிட் ஒன்றில் சூளையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான், ப்யூஸ் கட்டை, இதெல்லாம்தான் சரக்கு. மகளுக்கு நாலு வயது ஆனபோது வளைகுடாவுக்கு ஏ.சி. குழாய் பொருத்தும் வேலைக்குப் போனேன். இரண்டு வருடம் என்று போனவன் பதினாறு வருடம் இருந்தேன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோதுதான் திரும்பி வந்தேன். அப்போது வயது நாற்பத்தேழு.

வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. நான் அனுப்பிய சம்பளத்தில் கட்டிய வீட்டில் நான் ஒரு விருந்தாளி. டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. மோட்டாரை எத்தனை நிமிடம் ஓட விட வேண்டும் என்று தெரியாது. ஏதாவது உதவி செய்யப் போனால், "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று மனைவி சொல்வாள். கோபமாகச் சொல்வதில்லை. அத்தனை வருடமும் அவள்தான் பார்த்துக்கொண்டாள், அதே பழக்கம். மகள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். போன் செய்வாள். நான் எடுத்தால், "நல்லா இருக்கேன்ப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாள். மனைவியும் நானும் பேசுவதும் பழைய போன் பேச்சு மாதிரியேதான் இருந்தது. சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா, மகள் பேசினாளா. மூன்று கேள்வி முடிந்தால் அமைதி. வளைகுடாவில் எட்டு பேர் படுத்திருந்த கேம்ப் அறையில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பழைய பாலிசி ஒன்றைப் பற்றி விசாரிக்க ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போனபோது, அங்கே முகவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் பெண் அதிகாரியைப் பார்த்தேன். இருபத்தெட்டு வயது இருக்கும். நான் வெளிநாட்டில் இருந்து வந்தவன் என்று தெரிந்ததும், "உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பங்க நிறைய இருக்குமே சார், நீங்க ஏன் ஏஜென்ட் ஆகக் கூடாது?" என்று கேட்டார். வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் கிடைத்தது என்றுதான் ஒத்துக்கொண்டேன். வகுப்புக்குப் போனேன், தேர்வு எழுதினேன், பாஸ் ஆனேன்.

இந்தத் தொழிலில் இறங்கிய முதல் மாதத்திலேயே, இருந்த கொஞ்சநஞ்ச நண்பர்களும் போய்விட்டார்கள். ஜங்ஷன் பக்கத்து டீக்கடையில் என் பையைப் பார்த்ததும் எழுந்துவிடுவார்கள். என்னோடு சூளையில் வேலை பார்த்த ஒருவர், நான் வருவதைப் பார்த்துப் போனைக் காதில் வைத்து மும்முரமாகப் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் மணி அடித்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது? காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். விருத்தாசலம் ரயில் நிலையத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். ரயில் வரும், போகும். கொண்டுபோன சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்புவேன். "யாராவது சேந்தாங்களா?" என்று மனைவி கேட்பாள். "பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்பேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் இப்படிப் போனது.

ஒரு நாள் அந்த அதிகாரி திருச்சியில் ஏதோ கூட்டம் முடிந்து ரயிலில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துவிட்டார். "யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?" என்றார். மகள் வருகிறாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறு வாரம் அதே பெஞ்சில் மறுபடியும் பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல கோயில்ல போயி உக்காந்துக்குவேன் சார். பழமலைநாதர் கோயில்ல. அங்கயாவது புளியோதரை கிடைக்கும். இங்க என்ன கிடைக்குது உங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. என் மகளைவிடச் சில வயதுதான் மூத்த பெண். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே என்னை பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே நிறைய வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில். பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்க, நான் கூடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பேசினேன். எல்லா வீட்டிலும், "அவரு போன் பண்ணும்போது சொல்றோம்" என்ற ஒரே பதில். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "பொம்பளைங்க தன் உடம்பப் பத்தி உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க சார். கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு என்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. உங்க வூட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி உங்க வூட்டுக்கு ஒரு பாலிசி போடுங்க. உங்க வூட்டுக்கே போடாம அடுத்த வூட்டுல போயி என்ன பேசுவீங்க?"

அன்று மாலையே படிவத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். மனைவி குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள். பெயர், வயது, எடை. சர்க்கரை உண்டா, இல்லை. இரத்த அழுத்தம் உண்டா, இல்லை. இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது? "பொண்ணு பொறந்தப்போ பண்ணதுதான். வேற என்ன, ஒண்ணுமில்ல" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டாள்.

என்னோடு வருவாளா என்று கேட்டபோது, "நான் போயி என்னத்தப் பேசறது?" என்று தயங்கினாள். ஆனால் வந்தாள். வந்த முதல் நாளே எனக்கு ஆச்சரியம். அவள் பாலிசி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, ஊர் கேட்டு, பிள்ளைகள் படிப்பைக் கேட்டு, சாவகாசமாக ஒன்று கேட்டாள்: "உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா யாரும்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" அவ்வளவுதான். அந்தப் பெண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பயிற்சி வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத கேள்வி அது. மூன்று மாதத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்தன. பஸ்ஸில் திரும்பும்போது, எந்த வீட்டில் நான் அவசரப்பட்டேன், எங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்வாள். அந்த அதிகாரிக்கு அடுத்து எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது என் மனைவிதான். இவ்வளவு பேசுகிறவள், வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மறுபடியும் பழைய மூன்று கேள்விக்குப் போய்விடுவாள். நானும்தான்.

அப்படி ஒரு நாள்தான் அந்தப் பச்சைத் திரை வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் வெளிநாட்டில். நான் கூடத்தில் இருந்து ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க, அவர் சொல்லும் பதிலை மனைவி எனக்குச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். தொடர்ந்து ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வி வந்தது. "இல்லன்னே எழுதிக்கச் சொல்லுங்கக்கா" என்றார் அந்தப் பெண். அந்த 'இல்லன்னே' என் மனைவியின் காதில் விழுந்திருக்க வேண்டும். "நீங்க கொஞ்சம் இருங்க" என்று எனக்குக் குரல் கொடுத்தாள்.

உள்ளே தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கூடத்து மின்விசிறியின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி நின்றது. தெருவில் மழை விட்டிருந்தது. உள்ளே பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

அந்தப் பெண் மூன்று வருடமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கணவருக்குத் தெரியாது. படிவத்தில் எழுதினால் அவர் பார்த்துவிடுவார் என்று பயம். எழுந்து வாசலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் என் மனைவியின் குரல்.

"எங்க வூட்டுக்காரருக்கும் தெரியாதும்மா. ஏழு வருசம் ஆவுது. சினைப்பைல கட்டின்னு சொன்னாங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நானே பஸ் ஏறிப் போனேன். பொண்ணுக்கு எட்டாவது பரீட்ச. எதிர்வூட்ல வுட்டுட்டு, திருப்பூர்ல அக்கா வூட்டு விசேசம்னு சொல்லிட்டுப் போனேன். அக்காவுக்கும் சொல்லல. கூட ஆள் கையெழுத்துப் போடாம ஆபரேசன் பண்ண மாட்டோம்னுட்டாங்க. பக்கத்து பெட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க வூட்டுக்காரரு பாத்துக்கிட்டே இருந்துட்டு, குடுங்க நான் போடறேன்னு வாங்கிப் போட்டாரு. உறவுன்னு கேட்ட எடத்துல அண்ணன்னு எழுதினாரு. யாரு எவருன்னே தெரியாது."

"தழும்ப அவரு பாக்கலியா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"பொண்ணு பொறந்தப்போ கிழிச்ச அதே எடத்துலதான் கிழிச்சாங்க. அவருக்கு எப்படித் தெரியும்? கட்டிய டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு எட்டு நாளு காத்திருந்தேன். கேன்சர்னு வந்துட்டா பொண்ண யாரு பாப்பாங்கன்னே ஓடும். அவரு தெனமும் போன் பண்ணுவாரு. சாப்டியான்னு கேப்பாரு. சாப்டேன்னு சொல்லுவேன். ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் வந்துடுச்சு, வுட்டுட்டேன். இப்ப எங்க வூட்டுக்கு இதே பேப்பர் எழுதறப்பகூட அவருகிட்ட மறைச்சுட்டேன். அது தப்பும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா கம்பெனியில நம்மதான் பொய் சொன்னோம்பாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. சொல்லிடுங்க."

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. மடியில் இருந்த படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரம் கழித்து, "மாத்திர சாப்புடறாங்க. பேரு சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள் மனைவி. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கேட்டேன்: "கையெழுத்துப் போட்ட அந்த ஆளு எந்த ஊரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பண்ருட்டிப் பக்கம்னாங்க. பேரு கேக்கல" என்றாள். சற்றுப் பொறுத்து, "கேட்டுடுச்சா?" என்றாள்.

"கரண்ட் போயிடுச்சு இல்ல."

"போனது தெரிஞ்சுது. அதுக்கு மேல நிறுத்த முடியல."

பஸ்ஸில் அவள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள், நான் பின்னால். விருத்தாசலம் வரும்வரை அவள் தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முடி எப்போது இவ்வளவு நரைத்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். "எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா? சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அந்த வருசம் லீவுக்கு வாங்கன்னு கூப்பிட்டேனே. ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

ஞாபகம் இருந்தது. அந்த வருடம் எனக்கு விடுமுறை வந்தது. வேலை அவசரம், விடுமுறைக்குப் போகாதவர்களுக்குக் கூடுதல் சம்பளம் என்று மேஸ்திரி சொன்னார். அடுத்த வருடம் சேர்த்து வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஏன் கூப்பிடுகிறாய், ஏதாவது விசேஷமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பீரோவின் கீழ்த்தட்டில், மகளின் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆஸ்பத்திரிக் காகிதங்கள். ஒப்புதல் படிவத்தின் நகலில் நீல மையில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தது. படிக்காதவர் எழுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதியது. கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. அந்தப் பெயரை எவ்வளவு முயன்றும் என்னால் படிக்க முடியவில்லை.

மறுநாள் காலை கவரை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். என் வீட்டுப் படிவத்திலேயே பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகவர் வேலையே போகலாம். என்னை நம்பி அதில் கையெழுத்திட்ட அந்த அதிகாரிக்கும் கெட்ட பெயர் வரலாம். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். காகிதங்களை ஒன்று விடாமல் படித்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அம்மா இப்ப நல்லா இருக்காங்களா சார்?" என்றார்.

"நல்லா இருக்காங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

அவர் காகிதங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். "வூட்டுக்குப் போயி கேட்டுட்டு வாங்க. கம்பெனிக்கு லெட்டர் அப்புறம் எழுதலாம்."

காலை பதினொரு மணி. வீட்டுக்கு வந்தேன். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "என்னாங்க ஆச்சு? வேலைய வுட்டு நிறுத்திட்டாங்களா?"

"இல்ல. உனக்கு வயிறு இப்ப எப்படி இருக்குது?"

கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் தண்ணீரே இல்லை. "மழை நாள்ல கொஞ்சம் இழுக்கும்" என்றாள். "கனமாத் தூக்குனா வலிக்கும். வேற ஒண்ணுமில்ல."

வாளியில் இன்னும் பாதித் துணி இருந்தது. வாங்கிக்கொண்டேன். "நீங்க உக்காருங்க" என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தாள்.

உண்மையை எழுதி, பழைய காகிதங்களின் நகலோடு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினோம். தானும் விசாரிக்கத் தவறியதாக அந்த அதிகாரி தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சில வாரம் பதில் இல்லை. பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அந்த நோய் சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு மட்டும் சில வருடக் காத்திருப்பு என்ற நிபந்தனையோடு பாலிசியைத் தொடர அனுமதித்தார்கள். என் வேலையும் போகவில்லை. பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தையே என்னால் தாங்க முடியவில்லை.

அந்த அதிகாரி இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மனைவியும் தேர்வு எழுதி முகவர் ஆகிவிட்டாள். அவளுக்கு என்னைவிட வாடிக்கையாளர்கள் அதிகம். பண்ருட்டிப் பக்கம் எந்த வேலையாகப் போனாலும், டீக்கடையில் என் வயதை ஒத்த ஆள் யாராவது நின்றால் ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பேன். அவராக இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரியும். இருந்தாலும், என் இடத்தில் நின்று ஒருவர் கையெழுத்துப் போட்டாரே, அவர் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை.

எங்கள் வீட்டில் இப்போது பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் சில நாள் அவள் பேசாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, நான் இல்லாத வருடங்களில் அவள் தனியாகப் போய் வந்தவற்றில் எனக்குத் தெரியாதவை இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்று நினைப்பேன். பரிசோதனை முடிவுக்காக அவள் காத்திருந்த அந்த எட்டு நாளும் நான் அவளோடு தினமும் போனில் பேசியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று எவ்வளவு யோசித்தாலும் இன்றுவரை ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.